காணவில்லை என்று எழுதிய புட்டி

போன மாதம் ஓய்வூதியக் காகிதத்தில் கையெழுத்துப் போட ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தேன். உங்களில் ஒருவர் மேசையில் விட்டுப்போயிருந்த அறிக்கை கண்ணில் பட்டது. படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எழுத்தைக் கண்டால் என் கண் தானாகப் போய்விடும், பழக்கதோஷம். 'இந்த நீரில் டயாட்டம் இல்லை' என்று அதில் எழுதியிருந்தது. எழுதிய பிள்ளையின் கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. ஆனாலும் அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். இதே மாதிரி ஒரு வரியால் ஒரு மனிதரின் தலை போகவிருந்தது. நான் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தவள்.

உடனே உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருப்பேன். நீங்கள் எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தீர்கள், அதுவும் நல்லதுதான். வாயால் சொன்னால் கோபத்தில் பாதியை விட்டுவிடுவேன். ஆகவே எழுதித் தருகிறேன். ஸ்லைடு எப்படித் தயாரிப்பது, லென்ஸை எப்படித் துடைப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஜப்பான்காரர் காலத்தில் நடந்த ஒரு விஷயம் மட்டும். அதில் வரும் மூன்று பேருக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களிடம் உரிய நேரத்தில் சொல்ல வாய்க்கவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

புதிதாக வந்தவர்களில் கணக்குப் பிரிவுக்காரர்களும் இருக்கிறார்களாம், அவர்களுக்காக ஒரு வார்த்தை. டயாட்டம் என்பது நீரில் வாழும் ஒற்றை உயிரணுச் செடி. வெறும் கண்ணுக்குத் தெரியாது. தன்னைச் சுற்றித் தானே கண்ணாடியால் ஒரு கூடு கட்டிக்கொள்ளும். கரையோரத்தில் வாழ்பவற்றில் தடித்த கூடு அதிகம், வட்டத் தட்டு போல இருக்கும், கொஞ்சம் வெளிக்கடலுக்கும் மிதந்து போகும். வெளிக்கடலில் மிதப்பவற்றில் பல நீளமாக, ஊசி போல, இரண்டு முனையும் கூராக இருக்கும். கூடு அவ்வளவு மெல்லிசு. ஆகவே ஒரு புட்டித் தண்ணீரில் எந்தக் கூடு கிடக்கிறது என்று பார்த்தால் அந்தத் தண்ணீர் எங்கே எடுத்தது என்று சொல்லிவிடலாம். சொல்லிவிடலாம் என்றுதான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

வெள்ளைக்காரத் துரைமார் பினாங்கை விட்டுக் கப்பலேறிப் போன பிறகு எங்கள் ஆய்வுக்கூடம் கொஞ்ச காலம் பூட்டிக் கிடந்தது. பிறகு ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்து திறந்தார். பழைய ஆட்களில் யார் மிச்சம் என்று தேடி எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். நான் அப்போது ஸ்லைடு தயாரிக்கும் உதவியாளர். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர், டத்தோ கிராமாட்டில் வீடு. எனக்கு வேலைக்குப் போகப் பயம். போகாமல் இருக்க அதைவிடப் பயம். போனால் அரிசிப் பங்கீடு கிடைக்கும் என்பதால் போனேன், வேறு பெரிய இலட்சியம் எதுவும் இல்லை.

அந்த ஆராய்ச்சியாளரை நாங்கள் சென்செய் என்றே கூப்பிடுவோம், அவர்கள் மொழியில் வாத்தியார் என்று அர்த்தம். மெலிந்த ஆள், தடித்த மூக்குக் கண்ணாடி. அவருக்குக் கொடுத்திருந்த ராணுவத் தொப்பி காதுவரை இறங்கி நிற்கும். அவரும் நானும் பேசிக்கொண்டது உடைந்த ஆங்கிலத்தில். ஆங்கிலம் பேசக் கூடாது என்று உத்தரவு இருந்தது. ஆனால் இறால் குஞ்சுக்கு எத்தனை கால் முளைத்திருக்கிறது என்பதை நாங்கள் வேறு எந்த மொழியில் பேசிக்கொள்வது? கதவைச் சாத்திவிட்டுப் பேசினோம்.

கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீனுக்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை. ஊருக்கும் பட்டாளத்துக்கும் மீன் வேண்டியிருந்தது. பூலாவ் கெண்டித் தீவைத் தாண்டி வெளிக்கடலில் தண்ணீர் எடுத்து வரச் சொன்னார். எடுத்து வந்தவர் காதர் நானா, நானா என்றால் அண்ணன். பத்து மாவுங் என்கிற ஊர்ப் பக்கத்தில் வீடு, துரைமார் காலத்திலிருந்தே எங்கள் மோட்டார் படகை ஓட்டியவர். எஞ்சின் மக்கர் பண்ணினால் அதைத் திட்ட மாட்டார், தட்டிக்கொடுத்து, "வா ராசா, வாலா, வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்," என்று கெஞ்சுவார். அதுவும் கிளம்பிவிடும்.

படகுக்குப் பெட்ரோல் பட்டாளக் கிடங்கிலிருந்து வர வேண்டும். அந்தக் காலத்துப் பெட்ரோலின் அருமை உங்களுக்குப் புரியாது. ஊரில் கார்கள் கரியை எரித்து அந்தப் புகையில் ஓடின. கிடங்குக்குப் பொறுப்பான ராணுவ அதிகாரி தன் ரத்தத்தை ஊற்றுவது போல முகத்தை வைத்துக்கொண்டுதான் பெட்ரோலை ஊற்றச் சொல்வார். பெட்ரோல் திருடினால் என்ன நடக்கும் என்று அவர் வாயால் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும்.

இப்போது தப்பு நடந்த இடத்துக்கு வருகிறேன். எடுத்து வந்த கடல்நீர் கெடாமல் இருக்க அதில் ஃபார்மலின் ஊற்றுவோம். ஃபார்மலின் நாளாக ஆகப் புளித்துப்போகும், அமிலமாகும். அமிலம் சிப்பிக் குஞ்சு, நத்தைக் குஞ்சுகளின் சுண்ணாம்பு ஓட்டைத் தின்றுவிடும். சென்செய்க்கு அந்தக் குஞ்சுகள் என்றால் உயிர். அமிலத்தை அடக்க வெங்காரம் போடுவது வழக்கம். வெங்காரம் தீர்ந்துபோய் ஊர் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. அப்போதுதான் சென்செய் ஒருநாள் கையில் ஒரு கறுப்புச் சாடியோடு, சின்னப் பிள்ளை போலச் சிரித்துக்கொண்டு வந்தார்.

மீ என்கிற நூடுல்ஸ் செய்கிற சீனர்கள் மாவு பிசையும்போது ஊற்றுவார்களே, அந்தக் காரத் தண்ணீர். சாம்பலிலிருந்து எடுப்பது. கோதுமை மாவு கிடைக்காமல் மீக் கடைக்காரர் கடையை மூடி வைத்திருந்தார், சாடி சும்மா கிடந்தது. அவர்கள் நாட்டிலும் மீ மாதிரி ஒன்று செய்து அதில் இதே தண்ணீரைத்தான் ஊற்றுவார்களாம். அந்த வாசனையை மோந்து பார்த்துத் தெருவில் நின்றுவிட்டாராம். ஊர் ஞாபகம் வந்த மனிதனுக்கு மூளை வேகமாக வேலை செய்தது. அமிலத்துக்குக் காரம், வெங்காரத்துக்குப் பதில் மீக் காரம். எல்லாரும் பாராட்டினோம், நானும் கைதட்டினேன்.

சில நாளில் அவரைச் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மைக்ராஸ்கோப்பை அலமாரியில் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். அப்போது எதுவும் களவு போகிற காலம். "எந்தப் புட்டியும் புளிக்கக் கூடாது," என்று மட்டும் சொன்னார். நானும் சொன்னபடி செய்தேன். காதர் நானா ஒவ்வொரு முறை கொண்டுவரும் புட்டியிலும் ஃபார்மலின், பிறகு மீக் காரம். லிட்மஸ் தாள் நன்றாக நீலமாகும்வரை ஊற்றுவேன். சந்தேகம் வந்தால் இன்னும் கொஞ்சம். புட்டிகள் மேற்கு ஜன்னலுக்குக் கீழே வரிசையாக, பினாங்கு வெயிலில் வெதுவெதுப்பாக மாதக்கணக்கில் இருந்தன.

சென்செய் திரும்பி வந்த வாரம் கிடங்கு அதிகாரியும் வந்து நின்றார். இத்தனை பெட்ரோல் குடித்த ஆராய்ச்சியில் என்ன கண்டீர்கள் என்று கேட்பதற்கு. சென்செய் முதல் புட்டியைத் திறந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார். இரண்டாவது. மூன்றாவது. அவர் புருவம் சுருங்கியது. ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் பேசிவிடுவார்கள். "வெளிக்கடல் ஊசிகள் இல்லை. தட்டுக் கூடுகள் மட்டும்தான். இது கரையோரத் தண்ணீர்," என்று தன் மொழியில் முணுமுணுத்தார். பிறகுதான் எனக்கு அதைச் சொன்னார்.

கிடங்கு அதிகாரிக்கு ஊசியும் தெரியாது, தட்டும் தெரியாது. கரையோரத் தண்ணீர் என்பது மட்டும் புரிந்தது. படகு வெளியே போகவில்லை என்றால் பெட்ரோல் எங்கே? அன்று மாலைக்குள் காதர் நானாவை ராணுவப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. சென்செய் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஆனால் தடுக்கவில்லை. எப்படித் தடுப்பார், அவர் கண்ணால் பார்த்தது அதைத்தானே சொன்னது.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "உனக்கேன் பிள்ளை உந்த வேலை? வாயைத் திறவாமல் போய், வாயைத் திறவாமல் வா," என்றார். பயந்த மனிதரின் பேச்சுதான், அதில் தப்பில்லை. எங்கள் தெருவிலும் ஆட்கள் போய்த் திரும்பி வராத வீடுகள் இருந்தன.

மறுநாள் காலையில் காதர் நானாவின் மனைவி மைமூன் ஆய்வுக்கூட வாசலுக்கு வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் சாப்பாட்டுத் தூக்கு. சாப்பாட்டை உள்ளே விடவில்லையாம், திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "நானா நல்லவர், விட்டுருவாங்க," என்று ஏதோ உளறினேன்.

"நல்லவங்கன்னு எனக்குத் தெரியாதா? நாளன்னைக்கு ஜும்மாவுக்கு முந்தி வேற எடத்துக்குக் கொண்டு போயிருவாங்களாம், காவக்காரன் சொன்னான். அங்க போனவங்க யாரும் திரும்பலலா," என்றாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஒங்க புட்டிதானே எங்க வீட்டுக்காரவங்கள புடிச்சுக் குடுத்துச்சு? அந்தப் புட்டிகிட்டயே போய்க் கேளுங்க தங்கச்சி. நல்லாக் கேளுங்க."

திட்டத்தான் சொன்னாள். ஆனால் நான் கேட்ட யோசனைகளில் அதைவிடச் சரியான யோசனை வேறு இல்லை. அதுவரை நான் காதர் நானா எப்படிப்பட்டவர் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் போனாரா, போகவில்லையா என்று எனக்குத் தெரியாது. நான் படகில் கூடப் போனவள் அல்ல. நல்லவர் என்பது சாட்சி ஆகாது. நல்லவர்களுக்கும் அப்போது பசித்தது. புட்டிக்கு மட்டும்தான் தெரியும், புட்டியிடம் நாங்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நிறுத்தியிருந்தோம்.

சென்செய் அன்று பகல் முழுக்க ராணுவ அலுவலகத்தில் இருந்தார். நான் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தேன். இந்த முறை இல்லாததைத் தேடவில்லை, இருப்பதைப் பார்த்தேன். அந்தத் தட்டுக் கூடுகளை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். துரைமார் காலத்து ஸ்லைடு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். பழைய ஸ்லைடில் தட்டின் விளிம்பு சுத்தமாக, துளைகள் சின்னதாக இருந்தன. புட்டியில் இருந்த தட்டின் விளிம்பு அரித்து, துளைகள் பெரிதாகிப்போயிருந்தன, கரையான் அரித்த சட்டம் போல. கண்ணாடியை ஏதோ தின்றிருக்கிறது.

தடித்ததையே தின்றிருந்தால் மெல்லியதை விட்டு வைத்திருக்குமா? குப்பை என்று நாங்கள் ஒதுக்கிய துணுக்குகளைத் தேடினேன். கிடைத்தன. சின்னச் சின்னக் கூர் முனைகள். ஊசிக் கூட்டின் உடம்பு மெல்லிசு, முனை மட்டும் கெட்டி. உடம்பு போய் முனைகள் மட்டும் கிடந்தன. நெத்திலி தின்ற தட்டில் தலைகள் மட்டும் கிடக்குமே, அப்படி. நான் வாய்விட்டு அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. காதர் நானா வெளிக்கடலுக்குப் போயிருக்கிறார். புட்டிக்குப் புட்டி போயிருக்கிறார்.

காரணம் இப்போது உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கும். கடல்நீருக்குக் கண்ணாடிமேல் தீராத பசி. செடி உயிரோடு இருக்கும்வரை கூட்டின்மேல் ஒரு தோலைப் போர்த்திக் காப்பாற்றும். செத்ததும் தோல் போகும், நீர் கூட்டைக் கரைக்கத் தொடங்கும். சூட்டில் வேகமாகக் கரைக்கும். காரம் இருந்தால் இன்னும் வேகம். சிப்பிக் குஞ்சின் சுண்ணாம்பைக் காப்பாற்ற நாங்கள் ஊற்றிய மீக் காரம் டயாட்டத்தின் கண்ணாடியைக் கரைத்துவிட்டது. ஒன்றைக் காப்பாற்றுகிற மருந்து இன்னொன்றுக்கு விஷம்.

இதை எழுதி நிறுத்திவிடலாம் என்றால் ஒரு புட்டி இடித்தது. வரிசையில் ஒன்றில் மட்டும் ஒரு முனைகூட இல்லை. அரித்த தட்டுகள் இருந்தன, அவற்றோடு மெல்லிய சாம்பல் நிறச் சேறு. நம் ஜலசந்திச் சேறு, எங்கள் படகுத்துறை ஜெட்டியில் வாளியைப் போட்டால் வருகிற அதே சேறு. காரம் கண்ணாடியைக் கரைக்கும், சேற்றை உண்டாக்காது. அந்தப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கை தவறிக் கீழே போட்டால் போதும், சிமெண்டுத் தரை. யாரும் கேட்கப்போவதில்லை.

போடவில்லை. அது நேர்மை என்று நினைக்காதீர்கள். வரிசையில் ஒரு புட்டி குறைந்தால் கிடங்கு அதிகாரி முதலில் அதைத்தான் கேட்பார் என்று பயந்தேன். அது மட்டுமல்ல, மற்றப் புட்டிகள் சொல்வதை நம்பச் சொல்கிற நான் இதன் வாயை அடைத்தால் எதை நம்பச் சொல்வது? புட்டியை அதன் இடத்திலேயே வைத்தேன்.

அடுத்தது சென்செய்யிடம் எப்படிச் சொல்வது. மீக் காரம் அவர் யோசனை. அவர் பெருமைப்பட்ட யோசனை. உங்களால்தான் இந்த அநியாயம் என்று ஓர் உதவியாளர், அதுவும் பிடிபட்ட நாட்டுப் பெண், எப்படிச் சொல்வது? கிடங்கு அதிகாரி முன்னால் சொன்னால் எனக்கு அறை விழும், அவரும் கோபத்தில் மறுத்துவிடுவார். தனியாகச் சொன்னால் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடலாம். ஒரு படகோட்டி போனால் போகிறான், தன் பெயர் தப்பும். இரண்டு வழியிலும் காதர் நானா திரும்பி வர மாட்டார். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். நான் எதையும் சொல்லக் கூடாது, அவரே பார்க்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் கடல் ஏற்றத்தில் ஜெட்டிக்குப் போய், டயாட்டம் பிடிக்கிற மெல்லிய துணி வலையைப் போட்டு, வந்ததை வாளியில் விட்டேன். ஏற்றத்தோடு வெளிக்கடல் ஊசிகள் கொஞ்சம் கரைவரை வரும். ஒரே வாளித் தண்ணீரை இரண்டாகப் பிரித்தேன். ஒன்றில் எங்கள் வீட்டுக் காடி, வினிகர் என்பீர்களே அது, ஊறுகாய்க்காக அம்மா ஒளித்து வைத்திருந்தது; அந்தப் புளிப்பு கண்ணாடியைத் தின்னாது. இன்னொன்றில் மீக் காரம், புட்டிகளுக்கு ஊற்றியதைவிடத் தாராளமாக. மாதக்கணக்கில் நடந்ததை ஒரு பகலில் நடத்த வேண்டுமே, அதனால் இரண்டையும் வெந்நீர்ச் சட்டியில் இறக்கிக் கரி அடுப்பில் வைத்தேன். நேரம் கழித்து இறக்கினால் முனைகளும் கரைந்துவிடும், முன்னாலேயே இறக்கினால் ஊசிகள் மிச்சமிருக்கும். அடிக்கடி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மத்தியானம்வரை ஊசிகள் அப்படியே இருந்தன, அடுப்பில் இன்னும் கரி போட்டேன். பிறகு மங்கின. பிறகு முனைகள் மட்டும் தெரிந்தன. சட்டியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டேன்.

சென்செய் வந்தபோது இரண்டு ஸ்லைடுகளை அவர் முன்னால் வைத்தேன். "இவற்றில் எது வெளிக்கடல், எது கரையோரம் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். களைத்துப்போய் வந்திருந்தார், ஆனாலும் குனிந்து பார்த்தார். முதல் ஸ்லைடில், "வெளிக்கடல் ஊசி கலந்திருக்கிறது," என்றார். இரண்டாவதைப் பார்த்து, "கரையோரம். படகுக்காரன் புட்டி மாதிரி," என்றார்.

"இரண்டும் ஒரே வாளி," என்றேன். "இன்று காலையில் நான் எடுத்தது."

அவர் நிமிரவில்லை. ஸ்லைடை நகர்த்தினார், திரும்ப நகர்த்தினார். முனைகளைப் பார்த்துவிட்டார் என்று அவர் மூச்சு நின்றதில் தெரிந்தது. எழுந்து போய்க் காதர் நானாவின் புட்டி ஒன்றைத் திறந்து ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்தார். காரம் வழுவழுவென்று இருக்கும், சவர்க்காரம் போல. விரலை மூக்கருகே கொண்டுபோனார். தெருவில் அவரை நிறுத்தி வைத்த அதே வாசனையைத் தேடியிருப்பார், ஃபார்மலின் நெடியில் அது தெரிந்ததோ என்னவோ. விரலைச் சட்டையில் துடைத்தார். பிறகு கேட்டார், "இது வேறு யாருக்குத் தெரியும்?"

வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை. "நீங்களும் நானும்தான்," என்றேன்.

அவர் ஒவ்வொரு புட்டியாகப் பார்க்கத் தொடங்கினார். முனை, முனை, முனை. கடைசியில் அந்தப் புட்டி. அதை அவர் பார்த்த நேரம் மற்றவற்றைவிட அதிகம். சேறு தெரியாமல் இருக்காது, அவர் என்னைவிடக் கைதேர்ந்தவர்.

"இதில் சேறு இருக்கிறது," என்றார்.

"மழை பெய்தால் ஆற்றுச் சேறு வெளியேயும் போகும்," என்றேன்.

"அன்று மழை பெய்ததா?"

"பினாங்கில் எப்போதும் மழைதான், சென்செய்."

என்னைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்ணில் ஏதோ அசைந்தது, சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். "இதற்கு என்ன எழுதுவது?" என்று கேட்டார். உத்தரவு போடுகிறவர் என்னைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"ஊசி முனை காணவில்லை என்று எழுதலாம்," என்றேன். "நாம் பார்த்தது அவ்வளவுதானே. இருந்ததா, இருக்கவில்லையா என்று நமக்குத் தெரியாது."

அவர் எழுதினார். அந்தச் சேற்றைப் பற்றி எதுவும் எழுதவில்லை. நாங்கள் பார்த்ததை முழுக்க எழுதவில்லை என்று நீங்கள் சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன். ஒரு மனிதரின் தலை அதில் தொங்காத நாட்களில் நீங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு அந்தப் பெரிய தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஸ்லைடுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ராணுவப் போலீஸ் இருந்த கட்டிடத்துக்கு நடந்தார். நான் ஜன்னலருகே நின்றேன். அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று அவர் தெருமுனைக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது. வலது பக்கம் திரும்பினால் அவர் தங்கியிருந்த வீடு. இடது பக்கம் திரும்பினார்.

இருட்டுவதற்குள் திரும்பி வந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கிச் சிவந்திருந்தது, மூக்குக் கண்ணாடியின் ஒரு சில்லில் விரிசல். அவர்கள் தங்கள் ஆட்களையே அறைவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன். காரத்தை ஊற்றச் சொன்னது நான், தப்பு என்னுடையது என்று அவர் அங்கே சொன்னதாக மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பிறகு எங்களிடம் சொன்னார். சென்செய் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "நாளை முதல் காடி வாங்கு. நிறைய," என்றார். அவ்வளவுதான்.

அந்தக் காலத்தை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த ராணுவத்தால் என் தெருவில் நடந்ததை நான் பார்த்தேன், சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் இந்த மனிதருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அறை விழாமல் தப்பிச் சும்மா இருந்திருக்கலாம், தானே போய் அறையை வாங்கிக்கொண்டு வந்தார். உங்களில் எத்தனை பேர் மேலதிகாரி ஆவீர்களோ தெரியாது. ஆகிறவர்கள் அந்தத் தெருமுனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜும்மாவுக்கு முந்தி காதர் நானாவை வேறு இடத்துக்குக் கொண்டுபோகவில்லை. சில நாள் கழித்து விட்டுவிட்டார்கள். வலது கை விரல்கள் மடங்கவில்லை, நடக்கும்போது ஒரு கால் இழுத்தது. மைமூன் அவரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனதைப் பார்த்தேன். என்னைக் கடந்து போகும்போது அவள் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

பெட்ரோல் அதோடு நின்றுபோனது. மோட்டார் படகு ஜெட்டியில் கட்டிக் கிடந்தது. சென்செய் கைவசம் இருந்த புட்டிகளில் மிச்சமிருந்த முனைகளை எண்ணி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு மாலையில் காதர் நானா வந்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது, முகம் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. துணியில் சுற்றிய ஒரு புட்டியை என் மேசையில் வைத்தார்.

"என்ன நானா இது?"

"பூலாவ் கெண்டிக்கு வெளிய எடுத்தது. நம்ம பாய்மரப் படகுலதான் போனேன். காத்து நல்லாருந்துச்சு, போற வழியில ஒண்ணும் பாடு இல்ல. வரும்போதுதான் காத்து வுழுந்துருச்சு, துடுப்பு போட்டு வந்தேன்."

அந்த விரல்களால் துடுப்பு போட்டிருக்கிறார். "யார் உங்களப் போகச் சொன்னா?" என்று சத்தம் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் மரியாதை போய்விடும்.

அவர் தரையைப் பார்த்தார். "ஒரு நாள் மட்டும் நான் போகலைலா, தங்கச்சி. பிள்ளைங்களுக்கு மரவள்ளி தின்னு தின்னு வயிறு வீங்கிப் போச்சு. அந்தப் பெட்ரோல் தகரத்தக் குடுத்துட்டு அரிசி வாங்கிட்டேன். ஜெட்டியிலயே தண்ணி மொண்டு குடுத்தேன். அங்க என்னா அடி அடிச்சாலும் வாயத் தொறக்கலை. ஆனா ஒங்க ரெண்டு பேருக்கும் அது தெரியாமயா இருந்திருக்கும்? புட்டியில இருந்திருக்குமே." புட்டியை என் பக்கம் தள்ளினார். "அன்னைக்கு எடுக்க வேண்டியது. இன்னைக்கு எடுத்துட்டு வந்துட்டேன்."

புட்டியைத் திறந்தேன். காடி ஊற்றி, ஒரு சொட்டு எடுத்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன். பிறகு எழுந்து சென்செய்க்கு இடம் விட்டேன். அவர் பார்த்தார். காதர் நானாவையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். இத்தனை வருஷம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர், அதில் என்ன இருக்கிறது என்று அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்து நின்றார்.

"யா அல்லா," என்றார். "எவ்வளவு ஊசி."